பேன்சீப்பில் எரிந்த பச்சை விளக்கு

போன வருடம், சிங்கப்பூர்த் தேக்காவில் தீபாவளி விளக்குகளைச் சாலைக்குக் குறுக்கே கட்டத் தொடங்கியிருந்த சமயம் அது. நான் குடியிருப்பது மார்சிலிங்கில், ஓர் அடுக்குமாடியின் நான்காவது மாடியில். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் காலையில் ரயில் ஏறி அந்தத் தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்கு, போய்விடுவேன். அங்கே ஒரு பூக்கடையில் மாலை கட்டுகிறேன். முப்பத்திரண்டு வருடமாக அதே கடை, அதே முக்காலி. வயது எழுபத்தொன்று ஆகிறது. கண் கொஞ்சம் மங்கிவிட்டது, விரல் மங்கவில்லை. நான் கட்டிய மாலையைத் தூக்கிப் பாருங்கள், ஒரு பூ கூட வரிசையை விட்டு எட்டிப் பார்க்காது. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

சீனி அந்தக் கடைக்குப் பின்னால் எனக்குக் கிடைத்தவள். சாமந்தி வந்து இறங்கிய காலி அட்டைப்பெட்டிக்குள் உள்ளங்கை அளவு குட்டியாகக் கிடந்து கத்திக்கொண்டிருந்தாள். வெள்ளை உடம்பு, முதுகில் மட்டும் வெல்லப்பாகை ஊற்றினதுபோல் பழுப்பு. கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்போது எங்கள் மாதிரி அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு வளர்த்தேன். சட்டம் மாறியதும் மகளை உட்காரவைத்து முதல் வேலையாக உரிமம் எடுத்தேன். கழுத்துத் தோலுக்கு அடியில் சில்லு வைத்தாயிற்று, சன்னலுக்கெல்லாம் வலை அடித்தாயிற்று. என் வீட்டுக்காரர் போன பிறகு அந்த வீட்டில் எனக்குப் பதில் சொல்ல இருந்தவள் அவள் ஒருத்திதான். நான் ஏதாவது கேட்டால், அது என்னவாக இருந்தாலும், ஒரு "ம்யாவ்" உண்டு.

எங்கள் மாடியில் சாயங்காலம் நான்கு மணிக்கு ஒரு பழக்கம். வெயில் தாழ்வாரத்தை விட்டு இறங்கியதும் நான் ஒரு சின்ன ஸ்டூலைப் போட்டு வாசலில் உட்காருவேன். மடியில் சீனி. கையில் என் மரப் பேன்சீப்பு. இரண்டு பக்கமும் நெருக்கமான பல் வைத்தது, மகளுக்குப் பள்ளிக்கூட நாளில் பேன் பார்த்த அதே சீப்பு. அதால் வாரினால் பூனைக்கு உதிர்ந்த முடியெல்லாம் பஞ்சு மாதிரி கையோடு வந்துவிடும். சீனிக்கு வாரி முடித்தால், இரண்டு வீடு தள்ளி இருக்கும் ராத்தாவின் பூனைகள் இரண்டும் வந்து வரிசையில் நிற்கும். ஒன்றுக்குச் சுல்தான் என்று பெயர், இன்னொன்றுக்கு மைனா. எல்லோரும் அந்த அம்மாவை அக்கா என்கிற முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர்கள் குடும்பம் நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இங்கே துணி வியாபாரம் செய்த குடும்பம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். வாசல் கம்பிக் கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்வார்:

"பாத்துக்கங்க, எங்க மாடிப் பூனைங்களுக்குப் பேன் பாக்கத் தனியா ஒரு ஆளு வச்சிருக்கோம்லா!"

எனக்கு அது பாராட்டுதான்.

ஒரு நாள் அப்படி வாரும்போது சீனியின் இடது காது ஓரத்தில் சீப்பு தட்டியது. பார்த்தால் பத்துக் காசு அளவுக்கு முடி இல்லை. தோல் பொருக்குத் தட்டி வெளுத்திருந்தது, சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, படர்தாமரை. எனக்குப் பயமே இல்லை. படர்தாமரைக்கு என்னிடம் இல்லாத வைத்தியமா? எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் பொதுத் தோட்டத்தில் சீமை அகத்தி நிற்கிறது. மஞ்சள் பூ மெழுகுவத்தி மாதிரி நிமிர்ந்து நிற்குமே, அதுதான். அந்த இலையைச் சுண்ணாம்பு சேர்த்து அரைத்துப் போட்டு, அக்கம்பக்கத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் படையைப் போக்கியிருக்கிறேன். சீனிக்கும் அதையே அரைத்துக் காதிலும், புதிதாகத் தெரிந்த தாடைப் பக்கத்திலும் நன்றாகத் தடவினேன்.

இரண்டு நாள் கழித்துச் சுல்தானுக்கு மூக்கின் மேல் ஒரு வட்டம். மைனாவுக்கு வாலடியில் ஒன்று. அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. ராத்தா தன் பூனைகளைத் தாழ்வாரத்தில் விடுவார். சில சமயம் அவை மின்தூக்கி வரைக்கும் போய் வரும். என் சீனி வாசலைத் தாண்டினது கிடையாது. ஆக, நோய் எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட எனக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

கணக்குப் போட்டதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்காது. மின்தூக்கிக்காக நான்கைந்து பேர் நின்றிருந்த இடத்தில் வாயைத் திறந்துவிட்டேன்.

"ஊர் மேய விட்டு வளக்குற பூனைங்க எங்கயோ போய் சொறியை வாங்கிட்டு வந்து, சுத்தமா இருக்குற வீட்டுப் பூனைக்கும் ஒட்டிவிட்டுருச்சு. சொல்லிக் குடுத்தாத்தானே பூனைக்கும் தெரியும்?"

திரும்பினால் ராத்தா நிற்கிறார், கையில் காய்கறிப் பை. வந்த மின்தூக்கியில் ஏறாமல் படிக்கட்டுப் பக்கம் திரும்பி நடந்தார். அவருக்கு முழங்கால் வலி உண்டு என்பது எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு அவர் வீட்டு மரக்கதவு சாத்தியிருந்தது. அதற்கு மறுநாளும்.

இதற்கு நடுவில் என் இடது மணிக்கட்டிலும் ஒரு வட்டம் வந்தது. அரிப்பு தாங்கவில்லை. அதற்கும் அதே இலைதான். பூக்கடையில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று வளையல்களை இறக்கி அதை மறைத்துக்கொண்டேன். சாமிக்கு மாலை கட்டுகிற கையில் படை என்றால் என்ன நினைப்பார்கள்?

மகள் பூன் லேயில் இருக்கிறாள். அப்போது அவளுக்கு ஏழு மாதம். தலைப்பிரசவம், அதுவும் கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து. பிள்ளை பிறந்ததும் நாற்பது நாள் என்னிடம் வந்து இருப்பதாக ஏற்பாடு. வளைகாப்புக்கு என்ன வாங்குவது என்று பேச அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவள், பேச்சுவாக்கில் என் கையைப் பிடித்து வளையலைத் தள்ளினாள். நின்றுவிட்டாள். பிறகு சீனியின் காதைப் பார்த்தாள். தொடப் போன கையை இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, இது என்னம்மா? எத்தனை நாளா?"

"ஒண்ணும் இல்ல. இலை போட்டிருக்கேன், உதிர்ந்துடும்."

"இலையா? அம்மா ப்ளீஸ்லா, இது ஒட்டிக்கிற வியாதி. பச்சப் புள்ளைக்கு ஒட்டினா என்ன பண்றது? டாக்டர் சீரியஸா சொல்லியிருக்காங்க, ஸ்கின் விஷயத்துல ரொம்பக் கவனமா இருக்கணும்னு."

"என் வீடு சுத்தமான வீடுடி."

"நான் வீட்டச் சொல்லலம்மா." அவள் குரல் இறங்கிவிட்டது. "ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள இது முழுசாப் போயிடணும். இல்லன்னா பூனைய யாருகிட்டயாவது குடுத்துடுங்க. அதுவும் முடியலன்னா நான் அத்தை வீட்லயே இருந்துக்கறேன். கோவத்துல சொல்லலம்மா."

கோபத்தில் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பதிலுக்குக் கோபப்பட்டு முடித்திருப்பேன். அவள் போன பிறகு சீனியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் எட்டு வருடம் காத்திருந்து வரும் பேரப்பிள்ளை. இன்னொரு பக்கம் இவள். படையோடு இருக்கும் பூனையை யார் வாங்கிக்கொள்வார்கள்? அதனால் என்ன செய்தேன் தெரியுமா? சீக்கிரம் குணமாகட்டும் என்று இலையை இரண்டு மடங்காக அரைத்துப் போட்டேன்.

மறுநாள் காலையில் சீனி குளியலறை மூலையில் கிடந்தாள். வீடெல்லாம் தண்ணியாகக் கழிந்து வைத்திருந்தாள். வாயோரம் எச்சில் ஒழுகியது. கூப்பிட்டேன், பதில் இல்லை. எப்போதும் பதில் சொல்கிறவள். மகளைக் கூப்பிடக் கைபேசியை எடுத்தேன், பிள்ளைத்தாச்சியிடம் என்ன சொல்வது என்று கீழே வைத்துவிட்டேன். வாசலுக்கு ஓடி வந்து, யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரியாமலே சத்தம் போட்டேன்.

ஒரு வாரமாகச் சாத்தியிருந்த மரக்கதவு திறந்தது. ராத்தா தலையில் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். திரும்பிப் போனவர், சுல்தானைத் தூக்கிப்போகும் பிளாஸ்டிக் கூண்டோடு வந்தார்.

"தூக்கு புள்ள. எங்க டாக்டர்ட்டப் போவோம். டாக்சி வருது."

"ராத்தா, நான் அன்னிக்கி..."

"சண்டைய வந்து போட்டுக்கலாம். எங்கயும் ஓடிறாது. மொதல்ல பூனையத் தூக்கு."

அந்த விலங்கு மருத்துவர் சீனர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எனக்கு ஆங்கிலம் வராது என்று புரிந்ததும் மலாயில் பேசினார். அவர் மலாயும் அரைகுறை, என் மலாயும் அரைகுறை. அதனால் நன்றாகப் புரிந்தது. சீனியின் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கெல்லாம் வெந்திருந்தது. என்ன போட்டீர்கள் என்று கேட்டார். இலையையும் சுண்ணாம்பையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. அந்த இலை வயிற்றுக்குள் போனால் பேதியாகும் என்றார். சுண்ணாம்பு நாக்கைச் சுடும் என்றார். மனிதருக்குத் தோலில் போட்டால் தோலோடு நிற்கும், பூனை தன் உடம்பில் எதைப் போட்டாலும் நக்கிவிடும் அல்லவா என்று கேட்டார். அதை நான் மூன்று வருடமாகத் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை கூடத் தோன்றவில்லை.

உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்று தோலுக்கு அடியில் ஊசிபோட்டு நீர் ஏற்றினார். அது முடிந்ததும் அறை விளக்கை அணைத்துவிட்டு, கையடக்கமான ஒரு ஊதா விளக்கைச் சீனியின் காதுக்கு மேல் பிடித்தார். இருட்டில் அந்த வட்டத்தின் ஓரம் மட்டும் பச்சையாக எரிந்தது. பச்சை ஆப்பிள் நிறம். ராத்தா "சுபுஹானல்லாஹ்" என்று முணுமுணுத்தார். எல்லாப் படர்தாமரையும் இப்படி எரியாது, இது எரிகிற வகை, இருந்தாலும் முடியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறேன் என்றார் மருத்துவர். ரொட்டியில் பூக்கும் பூசணம் மாதிரி ஒன்றுதான் இது, புழு கிழு எதுவும் இல்லை என்றும் சொன்னார்.

பிறகு கேள்வி கேட்டார். பூனை வெளியே போகுமா? போகவே போகாது என்றேன், தலையை நிமிர்த்தி. வீட்டில் வேறு பூனை உண்டா? இல்லை என்றேன். அதோடு விட்டேனா? பக்கத்து வீட்டில் இரண்டு இருக்கின்றன, அவை வெளியே போகும் என்றும் சேர்த்துச் சொன்னேன். கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர் என் பக்கத்திலேயே நிற்கிறார், அப்போதும் சொன்னேன். ராத்தா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதால் முடி வாருகிறீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. கைப்பையைத் திறந்து என் மரச்சீப்பை எடுத்து நீட்டினேன். எப்போதும் என்னோடுதான் இருக்கும், பாருங்கள், எத்தனை வருடச் சீப்பு என்றேன்.

அவர் அதை வாங்கி மேசையில் வைத்து, மறுபடியும் ஊதா விளக்கைப் பிடித்தார்.

சீப்பு எரிந்தது. பல்லுக்குப் பல் சிக்கியிருந்த முடி ஒவ்வொன்றும் பச்சைப் பச்சையாக எரிந்தது. நான் தினமும் துடைத்து வைக்கும் சீப்பு.

இதால் எந்தெந்தப் பூனைக்கு வாருவீர்கள் என்று கேட்டார். நான் விரல்விட்டு எண்ணினேன். சீனி. சுல்தான். மைனா. பிறகு செவ்வாயும் வெள்ளியும் பூக்கடைக்குப் பின் சந்தில் எனக்காகக் காத்திருக்கும் பூனைகள் மூன்று. அதில் அந்த மஞ்சள் கடுவன்... அங்கே விரல் நின்றுவிட்டது. அவன் கன்னத்தில் ஒரு மாதத்துக்கு முன்பே முடி இல்லாமல் ஒரு வட்டம் இருந்தது. சண்டையில் பட்ட காயம் என்று நினைத்து, பாவம் பார்த்து, அவனுக்கு மட்டும் கூடுதல் நேரம் வாரிவிட்டிருந்தேன். அதே சீப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ரயில் ஏறி, மார்சிலிங்குக்கு வந்து, நான்கு மணிக்கு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எந்தப் பூனையிலிருந்து வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அவர் நல்ல மனிதர், அதனால் அப்படிச் சொன்னார். எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே போகாத என் பூனைக்கும், தாழ்வாரம் வரை போகும் ராத்தாவின் பூனைகளுக்கும், நோயை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தது என் கைதான்.

டாக்சியில் நான் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் ராத்தா வாயைத் திறந்தார்.

"ஒண்ணு சொல்லவா புள்ள? அந்தச் சீப்பு எரிஞ்சுச்சு பாரு... தேக்கா தீவாளி லைட்டெல்லாம் ஒண்ணுமே இல்ல. நீ கைப்பைக்குள்ளயே கட்டி வச்சிருக்கே!"

நான் அழுதுவிட்டேன். அவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூண்டுக்குள்ளிருந்து சீனி, காலையிலிருந்து முதல் முறையாக, ஒரு "ம்யாவ்" சொன்னாள்.

அன்றே சீப்பைக் குப்பைக் குழாயில் போட்டேன். மரத்தில் கிருமி புகுந்தால் கழுவிப் போக்க முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நான்கு மாடி அது தட்டிக்கொண்டே இறங்கிய சத்தம் கேட்டது.

மருந்து கொடுத்தபோது ஒரு தாளும் கொடுத்திருந்தார்கள். முழுக்க ஆங்கிலம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அதை இந்த வயதில் யாரிடம் போய்ச் சொல்வது? தாளைப் பிரித்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தலையை ஆட்டி, மடித்து வைத்துக்கொண்டேன். ராத்தா மூக்குக்கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "குடு புள்ள, எனக்கும் ரெண்டு பூனை இருக்குல்ல, பாத்து எழுதிக்கறேன்" என்று வாங்கிப் போனார். சாயங்காலம் வந்து என் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைக் கழற்றி, பேனாவால் எட்டு வாரத்துக்கும் கட்டம் கட்டமாகப் படம் போட்டார். தினமும் ஒரு கரண்டி: அது வாய்வழி மருந்து. புதனும் ஞாயிறும் ஒரு வாளி: அது மருந்துக் குளியல். தினமும் ஒரு துடைப்பம். மூன்று இடத்தில் ஒரு பூனைத் தலை: அது மருத்துவரிடம் போகும் நாள்.

"படமா போட்டா எனக்குத்தான் சுருக்கா புரியும். எழுத்து யாரு படிக்கிறது?" என்றார்.

அந்த எட்டு வாரமும் சீனி ஒரே அறையில் இருந்தாள், கம்பளம், மெத்தை எதுவும் இல்லாத அறை. முதல் இரண்டு வாரம் கதவுக்குப் பின்னாலிருந்து என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளே போக ஒரு தனிச் சட்டை, வெளியே வந்ததும் அது வெந்நீருக்குப் போகும். உதிர்ந்த முடியைத் தினமும் முதலில் உறிஞ்சியெடுத்து, தரையைச் சோப்புப் போட்டுத் துடைத்து, அதற்குப் பிறகுதான் வெளுப்பு மருந்து கலந்த தண்ணீர். முடியையும் அழுக்கையும் எடுக்காமல் மருந்தை ஊற்றினால் ஒன்றும் ஆகாதாம். உதிர்ந்த முடியில் அந்தப் பூசணம் பல மாதம் உயிரோடு கிடக்குமாம். என் வீடு சுத்தம் என்று சொல்லித் திரிந்தவளுக்கு, சுத்தம் என்றால் என்ன என்று எழுபத்தொரு வயதில் பாடம்.

குளியல் நாளில் ராத்தா தன் இரண்டையும் தூக்கிக்கொண்டு என் குளியலறைக்கே வந்துவிடுவார். அவர் பூனைகளுக்கும் அதே எட்டு வாரம், அதே வேலை. என்னால் வந்த வேலை. குளியலுக்குக் கொடுத்த கந்தகத் தண்ணீரை ஊற்றிவிட்டு அலசக் கூடாது, துடைக்கவும் கூடாது, தானாகக் காயும்வரை நக்க விடக் கூடாது. நாற்றம் என்றால் நாற்றம், பத்துக் கூமுட்டையை ஒன்றாக உடைத்தது மாதிரி. எதிர்வீட்டுக்காரர் வாசலில் வந்து, யார் வீட்டில் முட்டை கெட்டுவிட்டது என்று கேட்டார். "நாங்க ரெண்டு பேரும்தான் கெட்டுட்டோம், நீங்க உள்ள போங்க" என்று ராத்தா கத்தினார்.

அந்த மருந்து நகையைக் கறுக்க வைக்கும் என்பதால் வளையல்களைக் கழற்ற வேண்டியதாயிற்று. என் கைக்கு, பாலிகிளினிக் என்ற அரசு மருந்தகத்தில் களிம்பு கொடுத்தவர்களும் அதையே சொன்னார்கள், காற்றுப் படட்டும் என்று. கல்யாணம் ஆன நாளிலிருந்து வளையல் இல்லாத கையை நானே பார்த்ததில்லை. வட்டம் பளிச்சென்று எல்லோருக்கும் தெரிந்தது. பூக்கடை முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன், பின் சந்துக் கடுவனைப் பற்றியும் சேர்த்து. ஆறும்வரை வரமாட்டேன் என்றேன். முப்பத்திரண்டு வருடத்தில் தீபாவளி வாரத்தில் நான் மாலை கட்டாதது அதுதான் முதல் தடவை. சந்துப் பூனைகளுக்குச் சோறு வைக்கும் பெண்கள் அந்தக் கடுவனைப் பிடித்து மருத்துவரிடம் கொண்டுபோனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒரு குளியல் நாளில், மைனா காய்வதற்காகக் காத்திருக்கும்போது, நானே சொல்லிவிட்டேன்.

"ராத்தா, எனக்குப் படிக்கவே சரியா வராது."

"தெரியும்லா."

"எப்படித் தெரியும்?"

"அன்னிக்கி டாக்டர் குடுத்த தாளைத் தலைகீழா வச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் தலைய ஆட்டுனியே புள்ள!"

அதற்கு மேல் எனக்கு மறைக்க என்ன இருக்கிறது? ஒன்றுதான் பாக்கி இருந்தது. மின்தூக்கி வாசலில் நான்கைந்து பேருக்கு முன்னால் சொன்னதை, டாக்சிக்குள் அழுது தீர்த்துவிட முடியாது.

எங்கள் மாடியில் என் வீட்டைத் தவிர எட்டு வீடு. தீபாவளிக்கு எட்டு வீட்டுக்கும் என் கையால் சுட்ட முறுக்கு போகும். என் முறுக்குக்கு ஒரு பேர் உண்டு. அந்த வருடம் அந்தக் கையால் மாவு பிசைய முடியாது. தேக்காவில் கடை முறுக்கு வாங்கினேன், வாழ்நாளில் முதல் முறையாக. தட்டை எடுத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போனேன். ஒவ்வொரு வாசலிலும், அவரவருக்குப் புரியும் பாஷையில், ஒன்றையே சொன்னேன். இது கடை முறுக்கு, ஏனென்றால் என் கையில் படர்தாமரை. ராத்தாவின் பூனையிடமிருந்து வந்ததாகச் சொன்னேன் அல்லவா, அது பொய். என் சீப்பால்தான் அவர் பூனைகளுக்குப் போனது. உங்கள் பிள்ளைகள் தாழ்வாரத்தில் பூனைகளைத் தடவியிருந்தால் தோலைப் பாருங்கள்.

முதல் வாசலில் நாக்கு ஒட்டிக்கொண்டது. மூன்றாவது வாசலில் கொஞ்சம் சுலபமானது. ஐந்தாவது வாசலில் ஒரு தாய், தன் மகளின் முதுகில் இருந்த வட்டத்தைக் காட்டி, நல்லவேளை சொன்னீர்கள் என்றாள். கடைசியாக ராத்தா வீடு. அவருக்கும் அதையே ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

"எல்லாம் சரி புள்ள. அடுத்த வருசமும் கடை முறுக்கக் குடுத்தே, அன்னிக்கித்தான் ஒங்கிட்டச் சண்டை."

எட்டு வாரம் முடிவதற்குள் காதில் முடி முளைத்துவிட்டது. ஆனால் முடி முளைத்ததை வைத்து மருந்தை நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். பரிசோதனை இரண்டு முறை சுத்தமாக வர வேண்டும். இரண்டாவது முடிவு வந்த அன்று மருத்துவர் கைபேசியில் பேசினார். "ஆன்ட்டி, சுடா பெர்சி" என்றார். அந்த மலாய் வார்த்தைக்குச் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம். நான் நாட்காட்டியில் கடைசிக் கட்டத்தில், எனக்குத் தெரிந்த மாதிரி, வால் தூக்கிய பூனை ஒன்று வரைந்தேன். அது அணில் மாதிரி இருப்பதாக ராத்தா சொன்னார்.

ஒன்பது நாள் கழித்து மகளுக்குப் பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள். பிள்ளை இருக்கும் அறைக்குள் சீனிக்கு அனுமதி இல்லை, அது மகள் போட்ட சட்டம். சீனி அந்தக் கதவுக்கு வெளியே மிதியடியில் படுத்துக்கொள்வாள். உள்ளே பிள்ளை அழுதால் இவள் ஒரு பதில் குரல் கொடுப்பாள். ஒரு நாள் மகள் கதவைத் திறந்து, கீழே குனிந்து, தானாக அவள் காதைத் தடவிவிட்டு, கை கழுவப் போனாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

இப்போதும் நான்கு மணிக்கு ஸ்டூல் போடுகிறேன். சீப்பு மட்டும் மூன்று. எல்லாம் கழுவக்கூடிய உலோகச் சீப்பு. சீனியுடையதில் சிவப்பு நூல், சுல்தானுக்கு நீலம், மைனாவுக்கு மஞ்சள், மாலை கட்டும் நூல்தான். பூக்கடைச் சந்தில் பூனைகள் வந்தால் பேசுவேன், தொடமாட்டேன். தொட்டுவிட்டால் அங்கேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் ரயில் ஏறுகிறேன். மணிக்கட்டில் வளையல் திரும்ப ஏறிவிட்டது, அதற்கு அடியில் ஒரு தழும்பு கூட இல்லை.

ஆனாலும், யாரையாவது பற்றி ஒரு குறை நாக்கு நுனிக்கு வரும்போதெல்லாம் என் கை தானாகப் போய்க் கைப்பையைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் துழாவிப் பார்க்கிறது.